நட்ட கையே நீக்கட்டும்

காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த கொடிகளைப் பட்டினப்பாலை வகைப்படுத்திக் காட்டுகிறது. தெய்வம் உறையும் வாயிலில் ஒரு கொடி. துறையில் நின்ற மரக்கலத்தின்மேல் ஒரு கொடி. கள் விற்கும் மனையில் ஒரு கொடி. இவற்றோடு, கற்றுத் துறைபோகிய ஆசிரியர்கள் வாதுக்கு அழைத்து நட்ட கொடியும் ஒன்று. இப்பகுதியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ஆசிரியர் நட்ட அந்தக் கொடியிலேயே என் மனம் நின்றுவிடும். அதை நட்டவர் தம் பெயரை மறைக்கவில்லை. வினவ வருவோருக்கு விடை சொல்லும் கடமையையும் கொடியோடு சேர்த்தே அவர் ஏற்றார்.

பாடம் முடித்து வீடு திரும்பும் வழியில் வேறு கொடிகளைக் காண்கிறேன். தென்னூர் உழவர் சந்தைத் திடலில் அரசியல் பொதுக்கூட்டம் நடந்த மறுநாள் காலையை இப்பகுதியினர் நன்கறிவர். பேசியவர் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். கேட்டவர் தம் வேலையைப் பார்க்கப் போயிருப்பார். சவுக்குக் கம்புகளும், அவற்றில் கட்டிய பிளெக்ஸ் பதாகைகளும் மட்டும் சாலையோரத்தில் எஞ்சி நிற்கும். கம்பு நடத் தோண்டிய குழி அடுத்த மழைவரை மூடப்படாது. நடுவதற்கு ஓர் இரவில் நூறு கைகள் வந்தன. நீக்குவதற்கு ஒரு கையும் வரவில்லை. இக்கட்டுரை பேச விரும்புவது இந்த ஒன்றைப் பற்றியே.

சட்டம் இல்லாமையால் இந்நிலை வந்ததென்று கூறவியலாது. திறந்தவெளிகளின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கும் சட்டம் இம்மாநிலத்தில் 1959ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. நகர்ப்புறப் பதாகைகளுக்கென 2011இல் வந்த விதிகள், மாவட்ட ஆட்சியரிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும் என்றும், ஆறு நாள்களுக்கு மேல் பதாகை நிற்கலாகாது என்றும் வரையறுத்தன. 2023இல் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குப் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. தேர்தல் ஆணையத்தின் நன்னடத்தை விதியோ, உரிமையாளரின் இசைவின்றி அவருடைய நிலத்திலும் சுவரிலும் கொடி நடவோ, சுவரொட்டி ஒட்டவோ, முழக்கம் எழுதவோ கூடாது என்கிறது. தேர்தல் அறிவிப்பு வெளியானதும் அரசு வளாகங்களில் 24 மணி நேரத்திலும், பொது இடங்களில் 48 மணி நேரத்திலும், தனியார் இடங்களில் விதிமீறியவற்றை 72 மணி நேரத்திலும் அகற்ற வேண்டும் என்பது ஆணையத்தின் அறிவுறுத்தல். தேர்தல் சுவரொட்டியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-அ பிரிவு.

இவ்விதிகள் ஏட்டில் நிற்கும் நிலையை நான் எங்கள் வீட்டுச் சுவரிலேயே கண்டேன். ஒரு தேர்தலுக்குப் பல திங்கள் முன்பு, விடிந்து பார்த்தபோது சுற்றுச்சுவரில் வெள்ளையடித்து, ஒரு கட்சியின் பெயரும் ஆண்டும் எழுதி, இருபுறமும் அம்புக்குறி இட்டிருந்தார்கள். சுவரைப் பதிவு செய்தாயிற்று என்பது அதன் பொருள். எங்களை யாரும் கேட்கவில்லை. "அழித்துவிடலாமா அத்தா?" என்றேன். அத்தா சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "எழுதுனது நம்ம தெருப் பிள்ளைதான். நாளைக்கும் அவன் முகத்துல முழிக்கணும். அழிச்சா நாம எதிர்க்கட்சின்னு நினைப்பாங்க, விட்டுரு" என்றார்.

அத்தா எந்தக் கட்சிக்கும் பகைவர் அல்லர். எல்லாக் கட்சியினரும் அவருடைய கடைக்கு வந்து போனவர்களே. அதனாலேயே அவரால் மறுக்க இயலவில்லை. எழுத்து தேர்தல் முடிந்த பின்னும் பல்லாண்டு நின்றது. இறுதியில் எங்கள் செலவில்தான் சுண்ணாம்பு அடித்தோம். இசைவு வேண்டும் என்று விதி சொல்வது இத்தகைய எளியவரைக் காக்கவே. ஆயின் மௌனத்தை இசைவாகக் கொள்ளும் வழக்கம் இருக்கும்வரை அவ்விதி அவர்களைக் காவாது. கேட்க வேண்டிய கடமை எழுதுபவருடையது. தடுக்க வேண்டிய சுமை வீட்டாருடையதன்று.

இதைச் சுவரழகு பற்றிய சிறு மனக்குறையாக எண்ணிவிடலாகாது. 2017 நவம்பரில் கோவை அவினாசி சாலையில், விழாவுக்காக எழுப்பிய அலங்கார வளைவை ஒட்டி நேர்ந்த விபத்தில் ஓர் இளம் பொறியாளர் உயிரிழந்தார். அவரைக் கொன்றது யார் என்னும் வினா அச்சாலையின்மீதே எழுதப்பட்டது. 2018 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலம் முழுவதும் பதாகை வைக்க இடைக்காலத் தடை விதித்தது. ஒன்பது திங்கள் கழிந்து, 2019 செப்டம்பர் 12 அன்று சென்னைப் பள்ளிக்கரணையில், ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவரின் இல்லத் திருமணத்துக்கு வைத்த பதாகை இருசக்கர வண்டியில் சென்ற 23 வயதுப் பெண்மீது சரிந்தது. விழுந்தவர்மேல் தண்ணீர் லாரி ஏறியது. தடை இருந்தது, பதாகையும் இருந்தது. டிராபிக் இராமசாமி என்னும் முதியவர் 2021இல் மறையும்வரை நீதிமன்றப் படிகளேறி எச்சரித்தது இதனைத்தான். அப்பெண்ணின் இறப்புக்குப் பின்னர்ப் பெருங்கட்சிகள் தம் தொண்டர்க்குப் பதாகை வேண்டாவென அறிவுறுத்தின.

மறுபக்கத்தையும் கருத வேண்டும். தொலைக்காட்சியில் விளம்பரம் செய்யப் பொருளற்ற சிறிய கட்சிக்கும், தனித்து நிற்கும் வேட்பாளருக்கும் தெருவே மேடை. கருத்துரைக்கும் உரிமை அரசமைப்பு தந்தது. 2025 சனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, பொது இடங்களிலுள்ள நிலையான கட்சிக் கொடிக்கம்பங்களைப் பன்னிரண்டு வாரங்களில் அகற்ற ஆணையிட்டபோது எழுந்த எதிர்ப்பில் இக்குரலும் இருந்தது. ஆகவே முற்றிலும் தடுக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. வட்டந்தோறும் திருப்பங்களுக்கும் நடைபாதைக்கும் விலகிய இடத்தில் பொதுப் பலகைகள் நிறுவி, எல்லாக் கட்சிக்கும் சமமான இடமும் நாளும் ஒதுக்கலாம். அனுமதி பெறுவோரிடம் முன்பணம் பெற்று, குறித்த நாளில் அவரே நீக்கிக் குழியையும் மூடிய பின் திருப்பித் தரலாம். நீக்க வேண்டிய நாளைத் தலைவரின் பெயரளவு பெரிய எழுத்தில் பதாகையிலேயே பொறிக்கலாம். அப்போது துப்புரவுப் பணியாளர் அஞ்சி அஞ்சிக் கட்சிப் பதாகையைக் கழற்றும் நிலையும், அச்செலவு மக்கள் தலையில் விழும் நிலையும் மாறும்.

கட்சியினரை மட்டும் குறைகூறி நாம் ஒதுங்கிவிட இயலாது. நம் இல்லத் திருமணத்துக்கும், கல்லூரி விழாவுக்கும், மீலாது மேடைக்கும் பதாகை கட்டுவோர் நாமே. அவற்றுள் எத்தனையை விழா முடிந்த இரவே கழற்றினோம்? வழியில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நபிகள் நாயகம் (ஸல்) கற்பித்ததை மதரசாவில் ஓதி வளர்ந்தவர் நாம். அகற்றுவது அறமெனின், இடையூறை நாமே நட்டு வைப்பது எவ்வகையில் தகும்?

மாணவச் செல்வங்களே! நாளை ஏதேனும் ஒரு கட்சியின் கொடியை நீங்களும் ஏந்தலாம்; அது உங்கள் உரிமை. நடும் முன் வீட்டாரைக் கேளுங்கள். முடிந்ததும் நட்ட கையாலேயே நீக்குங்கள். சொன்னதற்கு விடையளிக்கக் கொடியருகே நின்ற புகார் நகரத்து ஆசிரியரின் பெருமை, அப்போது உங்கள் கொடிக்கும் உரியதாகும்.