கையெழுத்துப் போட வார்டன் யார்?

மருந்தாளுமை முதுகலை மாணவர்களுக்கு ஆராய்ச்சி முறை ஒரு பாடம். 1964-ல் வந்த ஹெல்சிங்கி பிரகடனமும் அதில் உண்டு: விவரமறிந்து சம்மதிக்காத மனிதர்மேல் பரிசோதனை கூடாது. நல்ல பாடம்தான்!

ஆனால் நடந்ததென்ன? 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் ஜில்லாவில், 10 முதல் 14 வயதுச் சிறுமிகள் சுமார் 14,000 பேருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஆராய்ந்தார்கள். ஊசி அமெரிக்க மெர்க் கம்பெனியுடையது. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள் ஏராளம். சம்மதம் தந்தது பெற்றோரா? 9,543 படிவங்களில் 2,763-ல் விடுதி வார்டன் கையெழுத்து! 1,948-ல் கைநாட்டு! 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழுவே இதைக் கண்டித்தது. ஆந்திரா, குஜராத் இரண்டிலும் சேர்த்து ஏழு சிறுமிகள் இறந்தனர். ஊசி காரணமல்ல என்றது சர்க்கார் விசாரணை. இருக்கட்டும். தடுப்பூசிக்கு நாம் விரோதிகளல்ல, அது ஏழைக்கும் வேண்டும். ஆனால் ஏழை பெற்ற மகளை ஆராய்ச்சிக்குத் தர வார்டன் யார்? பணக்காரன் மகளுக்கு இப்படிக் கையெழுத்திடத் துணிவார்களா?

வத்தல்மலையின் மலைவாழ் மக்களே, மில் தோழர்களே! படிவம் நீட்டுகிறவரைக் கேளுங்கள்: தமிழில் படித்துக் காட்டு. கேடு வந்தால் ஈடு தருவது யார்? நகல் எங்கே? 2019-ன் மருந்துப் பரிசோதனை விதிகளின்படி அந்த நகல் உங்களுடையது.