நமது வரலாற்றுக்கு ரசீது எங்கே?

ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பற்றி நமது இளைஞர் ஒருவர் விக்கிப்பீடியாவில் ஆர்வத்தோடு கட்டுரை எழுதுகிறார். சில நாட்களில் அது நீக்கப்படுகிறது. உடனே, 'நம்மவர் என்பதால்தான் அழித்து விட்டார்கள்' என்ற குமுறல் கிளம்புகிறது. ஓரவஞ்சனை எங்குமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் குற்றம் சாட்டும் முன் அங்குள்ள சட்டதிட்டத்தைப் படித்துப் பார்த்தோமா?

2001ல் ஆங்கிலத்திலும் 2003ல் தமிழிலும் தொடங்கிய கலைக்களஞ்சியம் அது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதனாலேயே சில விதிகளும் உண்டு. புதிதாக எழுத வருவோர் இரண்டு விதிகளில்தான் பெரும்பாலும் தடுக்கி விழுகிறார்கள்.

முதல் விதி: குறிப்பிடத்தக்கமை

ஒருவர் நல்லவரா, வாரி வழங்கியவரா என்று அங்கே கேட்பதில்லை. அவரோடு தொடர்பில்லாத நம்பகமான நூல்களோ பத்திரிகைகளோ அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கின்றனவா என்றுதான் கேட்கிறார்கள். குடும்பத்தார் வெளியிட்ட மலர், கடை விளம்பரம், பெயர் மட்டும் வந்த ஒரு வரிச் செய்தி ஆகியவை இந்தக் கணக்கில் சேராது.

வியாபாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். சொந்த நிறுவனத்தைப் பற்றித் தாமே எழுதுவதை அங்கே விரும்புவதில்லை. கூலி வாங்கி எழுதுபவர் அதை வெளிப்படையாக அறிவித்தாக வேண்டும். 'பணம் கொடுங்கள், பக்கம் போட்டுத் தருகிறோம்' என்று வருவோரிடம் உஷார்! 2015ல் இப்படி ஒரு கும்பல் ஆங்கில விக்கிப்பீடியாவில் சிக்கியது. கட்டுரை நிராகரிக்கப்பட்ட சிறு நிறுவனங்களைத் தேடிப்பிடித்துப் பணம் பறித்த அந்தக் கும்பலின் 381 கணக்குகள் முடக்கப்பட்டன.

இரண்டாம் விதி: சொந்த ஆய்வு கூடாது

ஒரு கல்வெட்டை நாமே படிக்கிறோம். ஒரு நூலில் கண்ட ஆண்டை அதோடு பொருத்திப் பார்க்கிறோம். 'ஆகவே இந்த வட்டாரத்திலேயே பழமையானது இதுதான்' என்று முடிவு கட்டுகிறோம். அந்த முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் வேறு எவரும் அதை வெளியிட்டிருக்கவில்லை என்றால் அங்கே இடமில்லை. இரண்டு தகவல்களைக் கூட்டி மூன்றாவது ஒன்றை நாமாகப் பிறப்பிப்பதும் இந்த விதிப்படி தவறு.

கணக்கு வழக்கு தெரிந்தவர்களுக்கு இது புதிதா என்ன? சரக்கு வாங்கியது உண்மைதான். ரசீது இல்லாவிட்டால் வரி அதிகாரி ஏற்பாரா?

நோபல் பெற்றவருக்கே இந்த நிலை!

கனடா நாட்டு இயற்பியல் அறிஞர் டோனா ஸ்ட்ரிக்லேண்ட் பற்றிய கட்டுரை 2018 மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவில் நிராகரிக்கப்பட்டது. காட்டிய ஆதாரங்கள் போதாது என்பதே காரணம். 1985லேயே லேசர் துறையில் பெரும் சாதனை படைத்தவர் அவர். அதே 2018 அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அதன் பிறகே கட்டுரை ஏறியது! அவரது சாதனை மே மாதமும் இருந்தது. அவரைப் பற்றி எழுதத்தான் பத்திரிகைகளுக்கு மனம் வரவில்லை.

இந்த விதியின் குறை இங்கேதான் தெரிகிறது. பத்திரிகைகள் யாரைக் கண்டுகொள்ளவில்லையோ, அவரைக் கலைக்களஞ்சியமும் கண்டுகொள்ளாது. அச்சில் வராத வாய்மொழிச் செய்திகளையும் ஆதாரமாக ஏற்க முடியுமா என்று 2011ல் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒரு முயற்சி நடந்தது. ஊர் மக்கள் சொன்னவற்றைக் குரல்பதிவு செய்து கட்டுரைகளுக்குச் சான்றாக வைத்தார்கள். ஆனாலும் அச்சிட்ட ஆதாரத்தைக் கேட்கும் வழக்கம் இன்றுவரை மாறவில்லை.

அப்படியானால் வழி என்ன?

அழித்தவரோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. நீக்கும் முன் நடக்கும் உரையாடலில் கண்ணியமாகக் கலந்துகொண்டு ஆதாரத்தை எடுத்து வைக்கலாம். புதிதாக வருவோர் எடுத்த எடுப்பில் புதுக் கட்டுரை தொடங்காமல், இருக்கும் கட்டுரைகளில் பிழை திருத்தி, சான்று சேர்த்துப் பழகலாம். மாவட்டக் கெஜட்டியர், பழைய நாளிதழ்கள், பல்கலைக்கழக ஆய்வு நூல்கள் ஆகியவற்றை நூலகங்களில் தேடிப்பிடிக்கலாம்.

அங்கும் ஒன்றும் இல்லையா? அப்படியென்றால் குறை விக்கிப்பீடியாவில் மட்டும் இல்லை. கல்யாண மண்டபத்துக்கு லட்சக்கணக்கில் செலவிடும் நாம், ஊர் வரலாற்றை எழுத ஓர் ஆய்வாளருக்கு என்ன கொடுத்தோம்? எழுபது, எண்பது வயதுப் பெரியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்தோமா? பரண் மேல் கிடக்கும் பத்திரங்களைக் கரையான் அரிக்கும் முன் ஆய்வாளர்களிடம் காட்டினோமா? நல்ல பதிப்பகம் ஒன்று அதை நூலாக வெளியிட்டால், நாளை அதையே மேற்கோள் காட்டி யாரோ ஒருவர் கட்டுரை எழுதுவார். அதை அழிக்க எவராலும் எளிதில் முடியாது.

இளைஞர்களே, எழுதுங்கள்! வியாபாரிகளே, எழுதுபவருக்குத் துணை நில்லுங்கள்! வரலாறு வேண்டுமென்றால் முதலில் ரசீதைத் தயார் செய்வோம்.