பழைய பெட்ரோலும் வெள்ள மீட்புப் படகும்

ஹைதராபாத் நகரின் வடகிழக்குப் பகுதியாகிய குஷாய்குடாவிலிருந்து கடலைக் காண வேண்டுமாயின் 250 கிலோமீட்டருக்கு மேல் செல்லுதல் வேண்டும். அத்தகைய இடத்தில் படகு இயந்திரத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தமற்றது எனச் சிலர் கருதலாம். அந்நகரின் வரலாறு அவ்வாறு கருத இடமளிக்கவில்லை. 1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் மூசி ஆறு கரைபுரண்டு ஓடியதில் ஆயிரக்கணக்கான மக்கள் மாண்டனர். அன்று புளியமரம் ஒன்றில் ஏறி ஏறத்தாழ 150 பேர் உயிர் பிழைத்தனர். 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள் பெய்த பெருமழையில், குஷாய்குடாவுக்குக் கிழக்கேயுள்ள காட்கேசர் பகுதியில் 30 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. நகரின் தாழ்ந்த பகுதிகளில் தெருக்களிலேயே படகு செலுத்தி மக்களை மீட்க வேண்டியதாயிற்று.

மீன்பிடி படகுக்கும் வெள்ள மீட்புப் படகுக்கும் உள்ள வேறுபாடு ஈண்டு கருதத்தக்கது. மீனவரின் படகு பெரும்பாலான நாட்கள் ஓடுகிறது. அதன் கலத்திலுள்ள எரிபொருள் அடிக்கடி தீர்ந்து அடிக்கடி நிரம்புகிறது. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் மீனவர்கள் தம் படகுகளைக் கொணர்ந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தனர். அவர்களுடைய துணிவும் நீரறிவும் அதற்கு முதற் காரணம். இயந்திரங்கள் அன்றாடப் பழக்கத்தில் இருந்தமையும் ஒரு துணைக்காரணமாகும். அரசு நிலையங்களிலோ நகராட்சிக் கொட்டகைகளிலோ வைக்கப்படும் படகின் நிலை வேறு. அஃது ஆண்டில் பல மாதங்கள் அசையாமல் இருந்து, எதிர்பாராத ஓர் இரவில் உடனே புறப்பட வேண்டியுள்ளது. அவ்வேளையில் இயந்திரம் உயிர்பெறாது போயின், பழுது பெரும்பாலும் இரும்பில் இராது, எரிபொருளில் இருக்கும். ஆகவே, மீட்புப் படகின் எரிபொருளுக்கு வயது உண்டு என்பதை ஏற்று, அவ்வயதைக் கணக்கில் வைக்கும் முறையை எல்லா நிலையங்களும் மேற்கொள்ளுதல் வேண்டும்.

பெட்ரோல் ஒரே பொருளன்று. பல ஹைட்ரோகார்பன்களின் கலவையாகும். அவற்றுள் எளிதில் ஆவியாகும் பகுதிகளே குளிர்ந்த இயந்திரம் முதலில் தீப்பற்ற உதவுகின்றன. காற்றுத் துளை உள்ள கலத்தில், கோடை வெப்பத்தில், இப்பகுதிகள் முதலில் வெளியேறிவிடும். எஞ்சியவை காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் மெல்லக் கூடிப் பிசின் போன்ற பொருளாக மாறும். கார்புரேட்டரின் கிண்ணத்தில் தங்கிய சிறிதளவு பெட்ரோல் உலர்ந்து, ஜெட் எனப்படும் நுண்துளைகளை அப்பிசினால் அடைத்துவிடும். இத்துளைகள் ஊசி முனையளவே ஆதலால், மெல்லிய படலமும் அவற்றை அடைக்கப் போதுமானது.

இக்காலப் பெட்ரோலில் மற்றொரு கூறும் சேர்ந்துள்ளது. இந்தியாவில் பெட்ரோலுடன் 10 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கு 2022-இல் எட்டப்பட்டது. 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வந்து, 2025-இல் நாடெங்கும் பரவிற்று. எத்தனால் நீரை விரும்பும் பொருள். மழைக்கால ஈரக் காற்றிலிருந்தும், கலத்தின் சுவரில் படியும் பனித்துளியிலிருந்தும் அது நீரை ஏற்கும். 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 15 பாகை வெப்பத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லி லிட்டர் நீரைத் தன்னுள் கரைத்து வைத்திருக்கும். எத்தனால் மிகுந்தால் அவ்வளவும் மிகும். வெப்பம் குறைந்தால் அது குறையும். எல்லை கடந்ததும் நீரும் எத்தனாலும் ஒன்றுசேர்ந்து தனிப் படலமாகக் கீழே இறங்கிவிடும். இயந்திரத்திற்குச் செல்லும் குழாய் எரிபொருளை உறிஞ்சுவது கலத்தின் அடியிலிருந்தே ஆதலால், அப்படலமே முதலில் இயந்திரத்தை அடைகிறது. மேலே மிதக்கும் பெட்ரோலும் எத்தனாலை இழந்தமையால் ஆக்டேன் மதிப்பில் தாழ்ந்திருக்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் எத்தனால் தளர்த்துவதும் உண்டு.

நெடுநாள் நின்ற இயந்திரம் இயங்க மறுக்கும்போது, பலர் ஸ்பார்க் பிளக்கை மாற்றுவதிலும் கயிற்றைப் பலமுறை இழுப்பதிலும் காலத்தைப் போக்குகின்றனர். முறையான ஆய்வு கலத்தின் அடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் செல்லுதல் வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. படகின் அடியில் தேங்கி நிற்கும். ஆதலால் இவ்வேலையைத் திறந்த வெளியில், தீயும் பொறியும் இல்லாத இடத்தில் செய்தல் இன்றியமையாதது.

முதலாவது, கலத்தின் அடியிலிருந்து சிறிதளவை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து அசையாமல் வைத்துப் பார்த்தல். இரு படலங்கள் தோன்றினால் நீர் கலந்துள்ளது என்பது தெளிவு. புதிய பெட்ரோலை அருகில் வைத்து ஒப்பிட்டால், நிறம் கறுத்திருப்பதும் வார்னிஷ் போன்ற மணம் வீசுவதும் பழமையைக் காட்டிவிடும். இரண்டாவது, புதிய எரிபொருள் நிரப்பிய வேறொரு சிறு கலத்தையும் நல்ல குழாயையும் இணைத்தல். இயந்திரம் ஓடினால் குறை பழைய கலத்திலோ குழாயிலோ உள்ளது. ஓடாவிடில் குறை அதற்கப்பால் உள்ளது. இவ்வொரு சோதனை பல மணி நேர உழைப்பை மிச்சப்படுத்தும். மூன்றாவது, குழாயின் நடுவே உள்ள ரப்பர்க் குமிழைக் கையால் அழுத்திப் பார்த்தல். எவ்வளவு அழுத்தினும் அது இறுகாவிடில் காற்றுக் கசிவோ வால்வுப் பழுதோ இருக்கும். இயந்திரம் ஓடுகையில் குமிழ் உட்குழிந்து தட்டையானால் கலத்தின் பக்கத்தில் அடைப்பு உண்டு. பெரும்பாலும் காற்றுத் துளையைத் திறக்க மறந்திருப்பர். நான்காவது, வடிகட்டியைக் கழற்றி நீரும் கசடும் உளவா எனக் காணுதல். இறுதியாகவே கார்புரேட்டரைத் திறத்தல் தகும். சோக்கை இழுத்து வைத்தால் மட்டுமே இயந்திரம் ஓடுமாயின், நுண்துளைகள் அடைபட்டுள்ளன என்று கொள்ளலாம். அவற்றைக் கரைப்பானால் கழுவிக் காற்றால் ஊதுதல் வேண்டும். கம்பியால் குத்தினால் துளையின் அளவு மாறிவிடும். சோதனை ஓட்டத்தின்போது குளிர்விக்கும் நீர் இயந்திரத்திற்குக் கிடைக்கச் செய்தலும் வேண்டும். நீரின்றி ஓட்டினால் நீரேற்றும் ரப்பர்ச் சக்கரம் சிறிது நேரத்தில் கெடும்.

பழுது பார்ப்பதினும் பழுது வாராமற் காப்பது எளிது. படகைக் கொட்டகையில் ஏற்றுமுன், எரிபொருள் குழாயைக் கழற்றி, இயந்திரம் தானே நிற்கும்வரை ஓட்டினால் கார்புரேட்டர் பெரும்பாலும் காலியாகும்; கிண்ணத்தில் எஞ்சியதை வடிகால் திருகைத் தளர்த்தி வெளியேற்றிவிடலாம். எடுத்துச் செல்லத்தக்க சிறு கலத்தை முழுதும் வடித்து உலர்த்தி வைத்தல் நன்று.

கலத்தை நிரப்பி வைப்பதே நல்லது என்று வாதிடுவோர் உளர். படகுடன் பொருத்தப்பட்ட பெரிய டீசல் கலத்திற்கு அக்கருத்துப் பொருந்தும். ஏனெனில் வெற்றிடம் குறைந்தால் உள்ளே படியும் பனித்துளியும் குறையும். தமிழ்நாட்டின் கிழக்குக் கரை விசைப்படகுகள் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடையின் பொருட்டுக் கரையில் நிற்கின்றன. அவற்றின் டீசல் கலத்தில் நீர் சேருமாயின், நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகி வடிகட்டியை வழவழப்பான கசடால் அடைக்கும். தடைக்காலம் முடியுமுன் அடிவடிகாலைத் திறந்து நீரை நீக்குதல் அங்கு முதற்கடமை. ஆனால் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இவ்விதியை அப்படியே ஏற்றிக் கூறுதல் தவறாகும். கலம் நிறைந்திருப்பினும் பெட்ரோலின் வயது கூடிக்கொண்டேயிருக்கும்.

நிலைப்படுத்தும் மருந்தைக் கலந்துவிட்டால் கவலையில்லை என்பாரும் உளர். அம்மருந்து புதிய பெட்ரோலின் கேட்டைத் தாமதப்படுத்தும்; கெட்ட பெட்ரோலை மீண்டும் புதிதாக்காது; பிரிந்து இறங்கிய நீரையும் நீக்காது. மாதந்தோறும் இயந்திரத்தை ஓட்டுவது வீண்செலவு என்பது மூன்றாவது மறுப்பு. பத்து நிமிட ஓட்டத்திற்குச் செலவாகும் எரிபொருள் மிகச் சிறிது. வெள்ளத்தின் நடுவே நின்றுபோகும் இயந்திரத்தால் நேரும் இழப்பை எக்கணக்கிலும் எழுத இயலாது.

ஆகவே வேண்டுவன மூன்று. படகு நிலையத்திலுள்ள ஒவ்வொரு எரிபொருள் கேனிலும் நிரப்பிய நாளை எழுதி வைத்தல் வேண்டும். ஒரு மாதம் கடந்த பெட்ரோலை மீட்புப் பணிக்கென வைத்திராது, எண்ணெய் கலவாததாயின் நிலையத்தின் பிற வண்டிகளுக்குப் பயன்படுத்திப் புதியதை நிரப்புதல் வேண்டும். மாதம் ஒருமுறை இயந்திரத்தை ஓட்டி, அந்நாளையும் நேரத்தையும் பதிவேட்டில் குறித்துக் கையொப்பமிடல் வேண்டும். நீர் கலந்து கெட்டதைச் சாக்கடையிலோ காப்ரா ஏரி போன்ற நீர்நிலைகளிலோ கொட்டாமல், முறையாகச் சேகரித்து அகற்றுதலும் இதனுள் அடங்கும்.

குஷாய்குடாவில் இதற்குத் தடையொன்றும் இல்லை. அருகிலுள்ள செர்லபள்ளியில் எண்ணெய் நிறுவனங்களின் கிடங்குகள் உள்ளன. ஆகவே புதிய எரிபொருளுக்குப் பஞ்சமில்லை. 1967-இல் நிறுவப்பட்ட எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷனைச் சுற்றி வளர்ந்த சிறு பட்டறைகளில் கைத்திறன் வாய்ந்த தொழிலாளர் பலர் உளர். கார்புரேட்டரைக் கழுவிப் பூட்டுதல் அவர்களுக்குப் பெரிய வேலையன்று. குறைவது ஒழுங்கு ஒன்றே. அதற்கு வேண்டியவை ஒரு பதிவேடும், ஒரு கண்ணாடிப் பாட்டிலும், மாதத்திற்குப் பத்து நிமிடமும் ஆகும். அடுத்த மழைக்காலம் தொடங்குமுன் அவற்றை ஏற்பாடு செய்தல் ஒவ்வொரு நிலையப் பொறுப்பாளரின் கடமையாகும்.