பெயர்க்கல்லில் யார் பெயர்?

ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் ஒரு கல் நாட்டினர். 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேக் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தது இவ்விடத்தே என்பது அக்கல் சொன்ன செய்தி. தோற்றவனையும் வன்னி மக்கள் மறக்கவில்லை. வவுனியாவில் அவன் சிலையாக நிற்கிறான். வாளேந்தியவர் இருவருக்கும் கல் கிடைத்தது. காயத்துக்கு மருந்து கட்டியவருக்கு?

முல்லைத்தீவு மாவட்டத்து அரசாங்க வைத்தியசாலைக் கட்டிடம் ஒன்றுக்கு, 2009இல் இம்மண்ணிற் கடமையில் நின்று மாண்ட சுகாதார ஊழியரின் பெயரைச் சூட்டவேண்டும். இதுவே எனது கோரிக்கை. "சம்பளம் வாங்கினார்கள், வேலை செய்தார்கள், இதற்கென்ன கல்வெட்டு?" என்று கேட்கும் கனவான்கள் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்கு ஒன்று கூறுவேன். அவ்வாண்டு பெப்ரவரியிற் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைக்கு இலக்காயிற்று. நோயாளரைத் தூக்கிக்கொண்டு ஊழியர் புதுமாத்தளனுக்குச் சென்றனர். அங்கும் நிலைக்கவில்லை, முள்ளிவாய்க்காலுக்குச் சென்றனர். வன்னியின் வைத்தியசாலைகள் யாவும் தாக்குண்டன, சில மீண்டும் மீண்டும் தாக்குண்டன என்று 2011இல் வெளியான ஐக்கிய நாடுகள் நிபுணர் குழுவின் அறிக்கை கூறுகிறது. மக்களை வெளியேறவிடாது புலிகள் தடுத்ததையும் அதே அறிக்கை கூறுகிறது; அதையும் மறைத்தற்கில்லை. இவ்விரு நெருப்புக்கும் நடுவே நின்று கட்டுத்துணி மாற்றிய தாதிக்கும், காயக்காரரைச் சுமந்த சிற்றூழியனுக்கும் எந்தச் சம்பளம் ஈடு?

அரசு அவர்களுக்கு அளித்த வெகுமதியை நாடறியும். எஞ்சிய வைத்தியர்கள் தடுத்து வைக்கப்பட்டனர். 2009 யூலையிற் காவலில் இருந்தபடியே பத்திரிகையாளர் முன் நிறுத்தப்பட்டு, தாம் முன்னர் கூறிய இறப்புத் தொகைகளைத் தாமே மறுத்துரைத்தனர்.

அரசாங்க உத்தியோகத்தர் பெயரைக் கட்டிடத்துக்கு இடுதல் இந்நாட்டிற் புதிதன்று. 1875இற் சிவில் சேவையிற் புகுந்து, 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தி, 1919இல் தொழிலாளர் நலனுக்கெனச் சங்கம் கண்ட பொன்னம்பலம் அருணாசலத்தின் பெயரைப் பேராதனையில் மாணவர் விடுதியொன்று தாங்குகிறது. தகும். ஆனால் அவர் மேட்டுக்குடியிற் பிறந்தவர். 'சர்' பட்டம் பெற்றவர். பட்டமில்லாதவனுக்கு எங்கே இடம்? மறுபுறம், பதவியிலிருந்த ஜனாதிபதியே தம் குடும்பப் பெயர் தாங்கிய மத்தள விமான நிலையத்தை 2013இல் திறந்துவைத்த நாடும் இதுவே. நம்மூர்ப் பெயர்க்கற்களையும் பாருங்கள்: திறந்துவைத்த அமைச்சரின் பெயர் முழ அளவு, சுவரெழுப்பிய மேசனின் பெயரோ எங்கும் இல்லை!

ஆதலால் ஒரு பெரிய மனிதரைத் தெரிந்தெடுத்து அவர் பெயரை மட்டும் பொறித்துவிட்டு ஓய்தல் கூடாது. அம்புலன்ஸ் சாரதி, மருந்துக் கலவையாளர், குடும்பநல மாது, காவலாளி எனப் பதவி வேறுபாடின்றி, மாண்டார் அனைவரின் பெயரும் ஒரே அளவு எழுத்தில் வரவேண்டும். பெயர்களை எங்கே தேடுவது என்று கேட்கிறார்கள். சம்பளப் பதிவேட்டைப் புரட்டுங்கள். அஃது எரிந்து போயிருந்தால் புதுக்குடியிருப்பில் வீடு வீடாகச் சென்று கேளுங்கள். தாய்மார் இன்னும் இருக்கிறார்கள்.