எங்களை எப்போது வளர்த்து முடிப்பீர்கள்?

"உங்கள் கலைப் பயணத்தின் இந்தக் கட்டத்தில் இந்தத் திட்டம் உங்களுக்கு ஏன் தேவை? 300 சொற்களுக்குள் எழுதவும்."

இரவு பதினொன்றே முக்கால். நள்ளிரவோடு படிவம் மூடிக்கொள்ளும். கடந்த ஆறு வருடத்தில் இதேபோல் நான் நிரப்பும் ஏழாவது படிவம் இது. 287 சொல்லில் நிற்கிறேன். அறைக் கதவைத் திறந்து அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, திரும்பவும் உந்த ஃபோர்மோ? பாட்டு எழுதுறதுக்கு எத்தினை தரம்தான் விண்ணப்பம் போடுறது?"

அம்மாவுக்கு நான் எழுதுவதெல்லாம் பாட்டு. சொல் ஒன்றுகூட இல்லாமல் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோவுக்காக எழுதிய பதினொரு நிமிட குவார்ட்டெட்டும் பாட்டுத்தான். அதைத் திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது, வளர்ந்தது ஹரோவில். எட்டு வயதில் பள்ளிக்கூடம் இரவல் தந்த வயலினில் தொடங்கி, கடைசியில் மேற்கத்திய கிளாசிக்கல் இசையில் கம்போசிஷன் படித்து முடித்தேன். பிரிட்டனில் வயலின் படித்தவர் வெளியே வந்தால் ஓர்கெஸ்ட்ராக்களில் ஆடிஷன் கொடுக்கலாம். கம்போசருக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. அவருக்கு இருப்பது 'ஆரம்பக்கட்டக் கம்போசர்களுக்கான வளர்ச்சித் திட்டம்'. ஒரு வருடம் ஒரு வழிகாட்டி, சில பட்டறைகள், முடிவில் உங்கள் இசையை நல்ல கலைஞர்கள் ஒருமுறை வாசித்துக் காட்டுவார்கள். விண்ணப்பிக்க இரண்டு ஸ்கோர், இரண்டு ஒலிப்பதிவு, ஒரு தன்விவரம், ஒரு 'கலை அறிக்கை', பரிந்துரைப்பவர் ஒருவர். எடுப்பது பெரும்பாலும் ஒரு கைவிரல் எண்ணிக்கைதான்.

இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். முதலில் அந்த ஒலிப்பதிவையே எடுத்துக்கொள்வோம். 'நேரடி வாசிப்பின் பதிவு விரும்பத்தக்கது' என்று போட்டிருப்பார்கள். என் இசையை யாரும் வாசிப்பதில்லை என்பதால்தானே விண்ணப்பிக்கிறேன்? வாசிக்கப்பட வேண்டுமென்றால் ஏற்கெனவே வாசிக்கப்பட்டிருக்க வேண்டும். காசுள்ள வீட்டுப் பிள்ளை நாலு பேருக்குக் கூலி கொடுத்து, ஸ்டூடியோ எடுத்துப் பதிவு செய்து அனுப்புகிறது. நான் கம்ப்யூட்டர் வாசித்ததை அனுப்புகிறேன். கம்ப்யூட்டரில் எல்லாம் சுத்தமாகக் கேட்கும், ஏனென்றால் அதற்கு மூச்சும் இல்லை, கையும் இல்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊர்ப்பக்கத்துச் சர்ச் மண்டபத்தில் வியாழக்கிழமை தோறும் கூடும் ஓர் அமெச்சூர் ஓர்கெஸ்ட்ரா இருக்கிறது. டிரம்போன் வாசிப்பவர் ஒரு பல் டொக்டர். நான் எழுதிப் போன துண்டில் அவருக்கு ஒரு கிளிசாண்டோ, அதாவது ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது. கீழே இருக்கும் பி-ஃபிளாட்டிலிருந்து அடுத்த பி வரை, வெறும் அரைச்சுரம். கம்ப்யூட்டர் அதைத் தேன் மாதிரி வாசித்தது. மனுஷன் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்த பி-ஃபிளாட் ஸ்லைடை முழுக்க உள்ளே வைத்து ஊதும் சுரம், பி முழுக்க வெளியே நீட்டி ஊதும் சுரம். காதுக்குப் பக்கத்து வீடு, கைக்கு அடுத்த ஊர். நடுவில் வழுக்கிப் போகப் பாதையே கிடையாது. "வேணுமெண்டால் எஃப்-இலிருந்து கீழே பி வரைக்கும் வழுக்கித் தரலாம்" என்ற பொருளில் சொல்லி, வாசித்தும் காட்டினார். அந்தப் பத்து நிமிடத்தில் நான் கற்றதை எந்த வழிகாட்டியும் ஸூம் அழைப்பில் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அவரும் என்னிடம் கலை அறிக்கை கேட்கவில்லை. இடைவேளையில் பிஸ்கட் வாங்கி வரச் சொன்னார், அவ்வளவுதான்.

தேர்வுக்குழு என்பது புதுசாக வந்த வியாதி அல்ல. பிரான்சில் 'ப்ரீ தெ ரோம்' என்று ஒரு பரிசு இருந்தது. போட்டியாளர்களைத் தனித்தனி அறைகளில் அடைத்து, முதல் சுற்றில் ஒரு ஃபியூகும் ஒரு கோரஸும் எழுதச் சொல்வார்கள். ரவேல் 1900க்கும் 1905க்கும் இடையில் அதற்கு ஐந்து முறை போய் உட்கார்ந்தார். ஐந்தாவது முறை அவருக்கு வயது முப்பது, அதுதான் கடைசி வாய்ப்பு. அதற்குள் அவருடைய ஸ்ட்ரிங் குவார்ட்டெட் வெளிவந்து ஊரே பேசிக்கொண்டிருந்தது. முதல் சுற்றிலேயே தூக்கி எறிந்தார்கள். இறுதிச் சுற்றுக்குப் போன எல்லாரும் ஒரே பேராசிரியரின் மாணவர்கள், அந்தப் பேராசிரியர் குழுவில் உட்கார்ந்திருந்தார். பத்திரிகைகள் கிழித்தெடுத்தன. அந்த வருடமே கன்சர்வட்டரி இயக்குநர் நாற்காலி கைமாறி, ரவேலின் ஆசிரியர் ஃபோரேயிடம் வந்தது.

இந்தக் கதையை என்னைப் போன்றவர்கள் ஆறுதலுக்காகச் சொல்லிக்கொள்வோம். எனக்கு அதில் வேறொன்றுதான் உறைக்கிறது. அந்தக் கிழட்டுக் குழு ரவேலிடம் கேட்டது ஃபியூக். அநியாயக் குழுதான், ஆனால் கேட்டது இசையை. என்னிடம் கேட்பது கட்டுரை. என் குவார்ட்டெட்டில் ஐந்து நிமிடத்துக்கு மேல் யாராவது கேட்டார்களா என்பது எனக்குத் தெரியாது. 'எந்த இரண்டு நிமிடத்தைக் கேட்க வேண்டும் என்று குறிப்பிடவும்' என்று படிவத்திலேயே ஒரு பெட்டி இருக்கிறது. மெதுவாக விரியும் இசை எழுதுபவர் அந்தப் பெட்டியில் என்ன போடுவார்?

சரி, அடையாள விவகாரத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் இதை எழுதி முடிக்க முடியாது.

மூன்றாவது முறை நேர்முகம் வரை போனேன். எந்தத் திட்டம் என்பது இங்கே முக்கியமில்லை. கனிவான மனிதர்கள், நல்ல தேநீர். ஸ்கோரைப் புரட்டிக்கொண்டே ஒருவர் கேட்டார்: உங்கள் பாரம்பரிய இசை இதற்குள் எங்கே இருக்கிறது? நான் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் இரண்டு வருடம் வீணை படித்துப் பாதியில் விட்டவள். எனக்குத் தெரிந்த கர்நாடக சங்கீதம் அம்மா கார் ஓட்டும்போது போடும் சீடிக்கள். அதைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம். இரண்டு வாரம் கழித்து வந்த கடிதத்தில், உங்கள் சொந்த உலகத்தை இன்னும் அதிகமாகக் கேட்க விரும்பினோம் என்று இருந்தது.

ஹரோ என் சொந்த உலகம் இல்லையா? பார்டோக்கின் குவார்ட்டெட்டுகளைப் பதினாறு வயதில் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தது யாருடைய உலகம்? எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பையனிடம், உன் பாட்டியின் நாட்டுப்புறப் பாடல் இதில் எங்கே என்று கேட்டிருப்பார்களா? அடுத்த வருடம் நானும் புத்திசாலியானேன். கலை அறிக்கையில் 'இடம்பெயர்வு', 'நினைவு', 'கமகம்' மூன்றையும் தூவினேன். இசையில் ஒரு சுரம்கூட மாற்றவில்லை, அதே குவார்ட்டெட். இறுதிப் பட்டியல் வரை போய்விட்டேன். வெட்கம்தான். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

எங்கள் ஆட்கள் இதைவிட ஒழுங்காகச் செய்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. லண்டனில் ஓர் அரங்கேற்றத்துக்குப் போய்ப் பாருங்கள். மண்டபம், பக்கவாத்தியக்காரர்களுக்குச் சென்னையிலிருந்து டிக்கெட், அறுநூறு பேருக்குச் சாப்பாடு, எல்லாம் அப்பாவின் மோட்கேஜ் மேல். காசில்லாத பிள்ளைக்கு அங்கேயும் கதவில்லை. ஆனால் ஒன்று உண்டு. அந்தப் பிள்ளை மேடையேறி இரண்டு மணித்தியாலம் வாசிக்கும், சபை முழுக்க உட்கார்ந்து கேட்கும். அடுத்த நாள் 'நீ வளர்ந்துகொண்டிருக்கிறாய், இன்னொரு திட்டத்துக்கு விண்ணப்பி' என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

'நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வந்தால் எப்படித்தான் வடிகட்டுவது?' என்று குழுவில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பெயரை மறைத்து ஸ்கோரைப் பாருங்கள், கட்டுரையைத் தூக்கிப் போடுங்கள் என்றேன். கட்டுரை இல்லாமல் பணம் தருபவர்களுக்கு என்னத்தைக் காட்டுவது என்றார். அங்கேதான் இருக்கிறது விஷயம். நிதி கொடுப்பவருக்கு 'இத்தனை கம்போசர்களை வளர்த்தோம்' என்று அறிக்கை எழுதலாம். ஒருவரின் இரண்டாவது, மூன்றாவது படைப்பைக் கூலி கொடுத்து எழுதச் சொல்லி, நிகழ்ச்சிநிரலில் பிராம்ஸுக்குப் பக்கத்தில் போட்டால் அதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது? அதனால் வளர்ச்சி முடிவதே இல்லை. வயதெல்லையை எடுத்துவிட்டு 'ஆரம்பக்கட்டம்' என்று மாற்றியது நல்ல காரியம்தான், ஆனால் நாற்பது வயதில் ஐந்தாவது ஆரம்பக்கட்டத்தில் நிற்பவர்களை எனக்குத் தெரியும்.

உருப்படியாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். லண்டன் சிம்பொனி ஓர்கெஸ்ட்ராவின் பானுஃப்னிக் திட்டம் 2005இல் தொடங்கியது. வருடத்துக்கு ஆறு பேர், ஆளுக்கு மூன்று நிமிட இசை, அதை முழு ஓர்கெஸ்ட்ராவே பட்டறையில் வாசித்துப் பார்க்கிறது. மூன்று நிமிடம் என்று இளக்காரமாக நினைக்காதீர்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் டிரம்போன்காரர் உங்களைப் பார்த்துச் சிரித்தால் அது காலத்துக்கும் மறக்காது. பஞ்சாபிலிருந்து 1962இல் லண்டன் வந்த நரேஷ் சோஹல், பூசி அண்ட் ஹாக்ஸ் பதிப்பகத்தில் மற்றவர்களின் இசையைப் பிரதி எடுக்கும் வேலை பார்த்தார். சம்பளத்தோடு பாடம். இன்றைக்கு அந்த வேலையை மென்பொருள் தின்றுவிட்டது, அந்த இடத்தில் படிவம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு வேண்டியது பெரிசாக ஒன்றுமில்லை. வழிகாட்டிக்கும் வலைப்பின்னல் விருந்துக்கும் போகும் காசில் நாலு கலைஞர்களுக்குக் கூலி கொடுங்கள். விண்ணப்பித்தவர்களில் ஆறு பேருக்கு ஒரு வருடம் கொடுப்பதற்குப் பதில், அறுபது பேருக்கு ஆளுக்கு அரைமணி நேரம் வாசித்துக் காட்டுங்கள். பதிவை எங்கள் கையில் தாருங்கள். அடுத்த வருடம் அந்த அறுபதில் மூன்று பேரிடம் முழுக்கூலிக்குப் புதுப் படைப்பு கேளுங்கள். என் பாட்டி எந்த ஊர் என்று கேட்காதீர்கள். கேட்பதென்றால் எல்லாரிடமும் கேளுங்கள்.

பதினொன்று ஐம்பத்தாறு. 'கமகம்' என்ற சொல்லை அழித்தேன். 286. 'நினைவு' என்பதையும் எடுத்தேன். கடைசி வாக்கியமாக, என் குவார்ட்டெட்டைத் தயவுசெய்து முதலிலிருந்து கேளுங்கள், நான்காவது நிமிடம்வரை ஒன்றும் நடக்காது, அது வேண்டுமென்றே எழுதியது என்று போட்டு அனுப்பிவிட்டேன். அம்மா லைட்டை நிற்பாட்டச் சொல்லிக் கத்துகிறார்.