கோபுரத்தை நிமிர்த்தலாமா?

நெல்லையப்பர் கோயில் கோபுரத்தைக் கீழ ரத வீதியில் (இருட்டுக்கடை இருக்கும் அதே வீதிதான்!) நின்று, கேமராவை மேலே சாய்த்து எடுத்தால், அது படத்தில் பின்னால் சாய்ந்து தெரியும். உடனே போட்டோஷாப்பில் இரண்டு ஓரங்களையும் இழுத்து நேராக்கிவிடுகிறார்கள். ஜங்ஷன் பக்கத்து ஹோட்டல் கட்டடங்களுக்கு இது சரி. அவற்றின் சுவர்கள் செங்குத்தானவை. ஆனால் கோபுரம் கட்டும்போதே மேலே போகப் போகக் குறுகுவது. அந்தச் சரிவையும் நிமிர்த்தினால் மிஞ்சுவது அப்பார்ட்மென்ட்தான்! அடியில் உள்ள கல் பகுதியின் தூண்கள் செங்குத்தாகும்வரை திருத்தினால் போதும், அதற்கு மேல் கை வைக்கக் கூடாது. அதைவிட நல்லது, சன்னதித் தெருவில் பின்னால் தள்ளிப் போய் கேமராவைச் சாய்க்காமலே எடுப்பது. கூடுதலாக விழும் தரையைப் பிறகு வெட்டிவிடலாம். ஆட்டோக்காரர்கள் திட்டுவார்கள், அவ்வளவுதான்.