எழுத்தாளருக்கு எந்த இலக்கு உதவும்?

எண்ணத்தின் வலிமையைத் தமிழ் வாசகர்களிடம் பரப்பியதில் எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ நூலுக்குப் பெரும் பங்குண்டு. அவருக்குப் பின் வந்த சுயமுன்னேற்றப் பேச்சு நாளடைவில் நீர்த்துப்போய், எழுத வரும் இளைஞர்களிடம் இப்படி வந்து நிற்கிறது: கண்ணை மூடி உங்கள் புத்தக வெளியீட்டு விழாவைப் பாருங்கள், விருது வாங்குவதாக நினையுங்கள், மற்றதெல்லாம் தானே நடக்கும். நம்பிக்கை இல்லாமல் யாரும் ஒரு நாவலைத் தொடங்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் வெற்றியை மனத்துக்குள் முன்கூட்டியே அனுபவித்துவிடுவது எழுதும் கையைத் தளர்த்திவிடும். எழுத்தாளரின் இலக்கு அவர் கையில் இருக்கும் வேலையைப் பற்றியதாக இருக்க வேண்டும். பிறர் தரவேண்டிய பரிசைப் பற்றியதாக இருக்கக் கூடாது.

இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. ஜெர்மானிய உளவியலாளர் கேப்ரியேல் ஓட்டிங்கன், டோரிஸ் மேயருடன் சேர்ந்து 2002-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அதன் ஒரு பகுதி, வேலை தேடிக்கொண்டிருந்த பட்டதாரிகளை இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடி விசாரித்தது. வேலை கிடைத்துவிட்டதுபோல அடிக்கடி இனிய கற்பனையில் திளைத்தவர்கள் குறைவான விண்ணப்பங்களே அனுப்பியிருந்தார்கள். கிடைத்த வாய்ப்புகளும் குறைவு, சம்பளமும் குறைவு. தங்கள் நிலைமையை எடைபோட்டு, ‘எனக்கு வேலை கிடைக்கும்’ என்று எதிர்பார்த்தவர்களோ இவர்களைவிட நன்றாகவே தேறியிருந்தார்கள். இரண்டையும் ‘பாசிட்டிவ் திங்கிங்’ என்ற ஒரே பெயரில்தான் அழைக்கிறோம், ஆனால் விளைவு எதிரெதிராக இருக்கிறது. இனிய கற்பனை உடலின் ஊக்கத்தையே குறைக்கிறது என்று ஹெதர் காப்பெஸுடன் சேர்ந்து ஓட்டிங்கன் 2011-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பரிசு கைக்கு வந்துவிட்டதாக மனம் எடுத்துக்கொண்டால் அதற்காக உழைக்கும் அவசரம் போய்விடுகிறது. நாவலின் மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டாமல் ஏற்புரையை மட்டும் மனத்துக்குள் ஒத்திகை பார்ப்பவர்களுக்கும் இதே கதிதான்.

அப்படியானால் எது நல்ல இலக்கு? ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிரோலப் தபால் துறையில் முழுநேர அதிகாரி. விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதுவார். அதன் பிறகே அலுவலகம். அவர் எழுதிய நாவல்கள் 47. நம் காலத்தில் ஜெயமோகனின் ‘வெண்முரசு’ இருக்கிறது. 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலையில் 26 நாவல்களாக நிறைவடைந்த மகாபாரத வரிசை அது. மகாபாரதத்தை முழுவதுமாகத் திரும்ப எழுதுவேன் என்பது மலைக்க வைக்கும் கனவு. அதை நடத்திக் காட்டியதோ நாளுக்கு ஓர் அத்தியாயம் என்ற சிறிய கடமை. பெரிய ஆசை திசையைச் சொன்னது, அன்றாடக் கணக்கு நடக்க வைத்தது. ஆகவே கனவே காணாதே என்பதல்ல என் வாதம். கனவை இன்று செய்யக்கூடிய வேலையாக மாற்றாதவரை அதை இலக்கு என்று சொல்லக் கூடாது என்கிறேன்.

எழுத்து என்ன தொழிற்சாலை உற்பத்தியா என்று கேட்பவர்கள் உண்டு. டிரோலப்பின் மறைவுக்குப் பின் 1883-ல் அவருடைய தன்வரலாறு வெளிவந்தபோதும், இப்படி மணிக்கணக்குப் பார்த்தவர் கலைஞரா என்று முகம் சுளித்தார்கள். உள்ளம் பொங்கும்போது எழுதுவதே எழுத்து என்ற எண்ணம் நம்மிடமும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆனால் ராபர்ட் பாய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் கல்லூரி ஆசிரியர்களை வைத்து நடத்தி 1983-ல் வெளியிட்ட பரிசோதனை வேறொன்றைச் சொல்கிறது. மனம் வந்தபோது எழுதியவர்களைவிட, தினமும் கட்டாயமாக எழுத வைக்கப்பட்டவர்களுக்கே அதிகப் பக்கங்களும் அதிகப் புதிய யோசனைகளும் கிடைத்தன. தமிழிலும் இதற்கு உதாரணம் உண்டு: 1950 முதல் 1954 வரை கல்கி ‘பொன்னியின் செல்வ’னை எழுதியது வாரந்தோறும் அச்சுக்குப் போகவேண்டிய தொடராகத்தான். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். சொல் எண்ணிக்கை முதல் வரைவுக்கே பொருந்தும் அளவுகோல். திருத்தும் கட்டத்தில் ஒரு நாளில் இரண்டு பக்கத்தை வெட்டியெறிவதே அன்றைய சாதனையாக இருக்கலாம். அங்கே இலக்கு நேரக் கணக்கில் அமைவதுதான் பொருத்தம்.

இன்னும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: உழைத்தும் பலன் கிடைக்காதவர்கள் இருக்கிறார்களே என்பது. புதுமைப்பித்தன் 1948-ல், 42 வயதில், காசநோய்க்குப் பலியானார். சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகையை 1959 முதல் பதினோரு ஆண்டுகள் நட்டத்தில்தான் நடத்தினார். இவர்களிடம் உழைப்புக்கோ உறுதிக்கோ குறைவிருந்ததா? இல்லை. வறுமையும், நூல் வாங்காத சமூகமும், கூலி தராத பதிப்புச் சூழலும் எண்ணத்தால் கரைந்துவிடுவதில்லை. அதனால்தான் ‘நேர்மறையாக நினைத்தால் ஜெயிக்கலாம்’ என்ற வாக்குறுதி தவறானது மட்டுமல்ல, கொடுமையானதும்கூட. ஜெயிக்காதவன் சரியாக நினைக்கவில்லை என்ற பழியை அது அவன் தலையிலேயே கட்டுகிறது. விற்பனையும் விருதும் எழுத்தாளரின் ஆளுகைக்கு வெளியே இருப்பவை. அவற்றை இலக்காக்கிக்கொண்டவர், சூழல் கைவிடும்போது எழுத்தையும் கைவிடுவார். பக்கத்தை இலக்காக்கிக்கொண்டவருக்குச் சூழலோடு சண்டையிட்டுக்கொண்டே எழுதவும் முடியும்.

திருக்குறளில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமை என்று நான்கு அதிகாரங்கள் வரிசையாக நிற்கின்றன. மன எழுச்சி முதலில் வருகிறது. ஆனால் பேச்சு அதோடு முடிவதில்லை, சோம்பலையும் உழைப்பையும் துன்பத்தையும் அடுத்தடுத்து எதிர்கொள்கிறது. ஓட்டிங்கன் பரிந்துரைப்பதும் ஏறத்தாழ இதுதான்: விரும்புவதை நினை, உடனே குறுக்கே நிற்கும் தடையையும் நினை, அது வந்தால் என்ன செய்வாய் என்று இப்போதே முடிவு செய். எழுத வருபவருக்கு நாம் சொல்ல வேண்டியதும் இதுவே. எந்த நேரத்தில், எந்த இடத்தில், எவ்வளவு எழுதப் போகிறீர்கள், களைப்போ நிராகரிப்போ வந்தால் மறுநாள் என்ன செய்வீர்கள்? இதற்குப் பதில் வைத்திருப்பவரின் நம்பிக்கைக்குத்தான் அடித்தளம் இருக்கிறது.